படத்தில் இருப்பது நான் இல்லையாம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நான் வேலை பார்த்த டைப்பிங் ஆபீஸுக்கு மேல் மாடியில் ஒரு அம்மாள் குடியிருந்தார். கட்டடம் அவர் கணவருடையது. கீழே இரண்டு அறைகளில் எங்கள் ஆபீஸ். வக்கீல் நோட்டீஸ், வீட்டு ஒப்பந்தம், காலேஜ் பிள்ளைகளின் தீசிஸ் எல்லாம் அங்கே டைப்பாகும். அந்த அம்மாளை நாங்கள் மாடி மேடம் என்போம். அவர் படம் வரைபவர் என்பது எங்களுக்குத் தெரியும். டர்பென்டைன் வாசனை படிக்கட்டு வழியாக இறங்கி வரும். ஆனால் அவர் கீழே வந்தால் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் கரண்ட் பில்லைப் பற்றியும்தான் எங்கள் முதலாளியிடம் பேசுவார். என்னிடம் பேசியதே இல்லை.

நான் ஜோகுபாளையத்திலிருந்து சிவாஜிநகரில் பஸ் மாறி வருவேன். வீட்டில் அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்குப் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. எனக்கு இருபத்தேழு வயது நடந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய், தரகர் மூலமாகப் பதில் சொல்லி அனுப்புவார்கள். ஒரு வீட்டில் நிறம் பத்தாது என்றார்கள். இன்னொரு வீட்டில் பெண் மாப்பிள்ளையைவிட உயரமாகத் தெரிகிறாள் என்றார்கள். ஒரு வீட்டார் எதுவுமே சொல்லவில்லை. அம்மாவுக்கு அதுதான் அதிக வருத்தம். காரணம் சொன்னால் பதிலுக்குத் திட்டலாம், ஒன்றுமே சொல்லாதவர்களை என்ன செய்வது?

தமிழர்களை அடித்த காவிரிக் கலவரம் நடந்து முடிந்த அடுத்த வருஷம் அது. பஸ்ஸில் நான் எப்போதும் கன்னடத்தில்தான் டிக்கெட் கேட்பேன். முன்பெல்லாம் யோசிக்காமல் கேட்டது, அந்த வருஷம் யோசித்துக் கேட்டேன்.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் அரை நாள். ஒரு சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. குடை கொண்டு போகாததால் படிக்கட்டின் கீழ்ப்படியில் ஒதுங்கி நின்றிருந்தேன். மாடி மேடம் மேலிருந்து எட்டிப் பார்த்தவர், பாதி இறங்கி வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. படியில் நிற்கக் கூடாது என்று சொல்லப் போகிறார் என நினைத்து வெளியே ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நில்லு, நில்லு. போகாதே. உன் முகத்துல என்னமோ இருக்கு" என்றார்.

நான் கையால் முகத்தைத் துடைத்தேன். கார்பன் பேப்பர் மை ஒட்டிக்கொண்டிருக்கும், அது தினமும் நடப்பதுதான்.

"அது இல்லை. உன்னை வரையணும். சனிக்கிழமை சனிக்கிழமை கொஞ்ச நேரம் வந்து உக்காந்துக்கோயேன்."

என்ன இருக்கிறது என் முகத்தில் என்று கேட்டேன். சொல்லத் தெரிந்தால் எழுதிவிடலாமே, தெரியாததால்தானே வரைய வேண்டியிருக்கிறது என்றார். என் முகத்தைப் பார்த்து இத்தனை பேர் இத்தனை குறை சொல்லியிருந்த காலம் அது. ஒருவர் பார்த்துவிட்டு என்னமோ இருக்கிறது என்றால் யாருக்குத்தான் போகத் தோன்றாது? சரி என்றேன்.

அப்படித்தான் அந்த மழைக்காலம் முழுவதும் சனிக்கிழமை மதியங்களில் மாடிக்குப் போனேன். மேற்குப் பக்கத்து ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து இடது கையை ஜன்னல் கம்பியின் மேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் கையில் ஒரு பித்தளை விளக்கைக் கொடுத்தார். அது எனக்குக் கனத்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. விளக்கை எடுத்துவிட்டு உள்ளங்கையை மட்டும் விரித்து வைக்கச் சொன்னார். வெயில் அடிக்கும் நாட்களில் சாயங்கால வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும், கண் பாதி மூடிக்கொள்ளும். "அப்படியே இரு, அதான் வேணும்" என்பார். நான் ஆபீஸுக்குக் கட்டி வந்த நைலக்ஸ் புடவையில்தான் உட்கார்ந்திருப்பேன். முழங்கை வரை வரும் பிளவுஸ், தோளில் பின். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

நடுவில் காபி வரும். எப்போதும் அதே டம்ளர், விளிம்பில் லேசாக நசுங்கியது. எனக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஏன் எனக்கென்று தனியாக வைத்திருக்கிறார்கள் என்பது புரியச் சில வாரங்கள் ஆயின. புரிந்த பிறகும் குடித்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மதியங்கள் பிடித்திருந்தன. கை மரத்துப்போகும், கழுத்து வலிக்கும். ஆனாலும் அந்த நேரத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. டைப் அடிக்க வேண்டாம், குழாயடியில் வரிசையில் நிற்க வேண்டாம், தரகர் கொண்டு வந்த ஜாதகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டாம். தெருவில் போகும் ஆட்டோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். படத்தை மட்டும் அவர் காட்டவே இல்லை. நான் எழுந்ததும் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடிவிடுவார். தசரா நெருங்கும்போது ஒரு நாள் இனி வர வேண்டாம், முடிந்துவிட்டது என்றார். யார் மாதிரி வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"முழுக்க நீதான். கண்காட்சிக்கு வந்து பாரு" என்றார்.

கப்பன் பார்க் பக்கம் ஒரு ஹாலில் கண்காட்சி. நான் அண்ணன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். சுவரில் பதினைந்து இருபது படங்கள். என்னை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசிச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு அது இருந்தது.

கரும்பச்சைத் தண்ணீரிலிருந்து இடுப்பு வரை எழும்பி நிற்கும் ஒரு பெண். அது தண்ணீர்தானா, ராத்திரிதானா என்று சொல்ல முடியாது. இடுப்புக்குக் கீழே உடம்பு கரைந்து வேர் மாதிரி பிரிந்து போகிறது. கூந்தலிலிருந்து வெள்ளைப் பறவைகள் கிளம்புகின்றன. இடது கை மேலே தூக்கியிருக்கிறது, உள்ளங்கை நடுவில் ஒரு சுடர். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. உடம்பு முழுக்க நீலமும் சாம்பலும் கலந்த நிறம். தோள் தெரிகிறது. மார்பின் மேல் துணி இல்லை, பனி மாதிரி ஏதோ ஒன்று படர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு அட்டையில் தலைப்பு இல்லை என்று இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தார்கள்.

என்னைத் தேடினேன். கை என்னுடையது. விரல்கள் என்னுடையவை, சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அதை அப்படியே வரைந்திருந்தார். முகம் என்னுடையதுதான் என்று ஒரு கணம் தோன்றும், அடுத்த கணம் வேறு யாரோ. அந்த முகத்தில் ஒரு பாவம் இருந்தது. சோகமா, கோபமா, தூக்கமா? எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் இருந்ததாகச் சொன்னாரே, அது இதுதானா?

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாடி வைத்த ஒரு புரொபசர் கன்னடத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "காவேரி தாயி" என்றார். இடுப்புக்குக் கீழே அவளை அணை போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் உடம்பு தெரியவில்லை, தன் மண்ணுக்கு நியாயம் கேட்டுக் கையைத் தூக்கியிருக்கிறாள் என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். முந்தைய வருஷம் இந்தக் காவேரி தாயியால்தான் என் அண்ணன் பல நாள் வேலைக்குப் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே எரிச்சலும் வந்தது. கழுத்தில் பெரிய மணிமாலை போட்ட ஒரு பெண்மணி, அணையெல்லாம் இல்லை, சமூகம் பெண்ணுக்குக் கால் இல்லாமல் செய்துவிட்டது என்பதுதான் பொருள் என்றார். இன்னொருவர் யட்சி என்றார். கண்ணைப் பாருங்கள், உயிர் வாங்கும் கண் என்றார். வெயில் பட்டுக் கூசிய கண் அது. கையைத் தூக்கி வைத்திருந்தது ஜன்னல் கம்பி மேல்.

ஒருவர் என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார். நான் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறேனாம்.

நகர்ந்தேன். ஆனால் பொறுக்க முடியவில்லை. புரொபசரிடம் போய் கன்னடத்தில், சார், அது நான்தான், என்னைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். நிஜமாகவே அன்பான புன்னகை. ஆமாம் அம்மா, எல்லாப் பெண்ணும் அவள்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

மாடி மேடம் வாசல் பக்கம் நாலைந்து பேர் நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையாட்டினார். கூட்டம் குறையும் வரை காத்திருந்து பக்கத்தில் போனேன்.

"எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க மேடம். நீங்க என்னா நினைச்சி வரைஞ்சீங்க?"

"நினைச்சு வரையலைம்மா. கனவு மாதிரி வந்தது. நீ உக்காந்திருந்தே, அவ வந்தா."

"யாரு மேடம் வந்தது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் படம் போடறேன்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும் வரை அந்தப் பதிலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தவள் நான். வந்தது வேறு யாரோ. அப்படியென்றால் நான் என்ன, அந்த ஸ்டூலைப் போல ஒரு சாமானா?

இரண்டு நாள் கழித்து ஒரு இங்கிலீஷ் பேப்பரில் அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் சின்னதாக வந்தது. ஆபீஸுக்கு வாங்கும் பேப்பர். முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். அதுவரை சனிக்கிழமை லேட்டாக வருவதற்கு ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். அம்மா விளக்கு வெளிச்சத்தில் பேப்பரைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா இது, நீயா? சும்மா சொல்லாதே. பேய் மாதிரி கீது."

கையைக் காட்டினேன், வளைந்த விரலைக் காட்டினேன். அச்சில் அதெல்லாம் தெரியவில்லை. துணி இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை. அம்மா நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பேப்பரில் வந்தது என்ற விஷயம் மட்டும் அவள் மனதில் நின்றுவிட்டது.

அப்போது மர்பி டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்காதான் எல்லாம். அவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போய் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அக்கா மறுபடியும் வீட்டுக்கு வந்தபோது, யோசனை நல்லபடியாக முடியட்டும் என்று அம்மா வாயை விட்டுவிட்டாள். எம்பொண்ணைப் பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒருத்தங்க படமாகப் போட்டிருக்கிறாங்க, பேப்பரில்கூட வந்திருக்குது என்று சொல்லிப் பேப்பரையும் காட்டியிருக்கிறாள். நான் வேலையிலிருந்து திரும்பியதும் பெருமையாக என்னிடம் சொன்னாள். அவள் பார்த்தது பேப்பர். நான் பார்த்தது சுவர்.

அந்த அக்கா கெட்டிக்காரி. பேப்பரோடு நிற்கவில்லை. ஹால் எங்கே என்று விசாரித்து நேராகப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாளே வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்று அம்மாவிடம் மெதுவாகப் பேசினார். சத்தம் போட்டிருந்தால்கூட நாங்கள் பதில் சொல்லியிருப்போம். மேலே துணி இல்லாமல் உட்கார்ந்த பெண்ணை எங்கள் வீட்டுக்கு எப்படிக் கூப்பிட்டுப் போவது என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் புடவை, பிளவுஸ், பின் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீ சொல்கிறாய், படம் வேறு சொல்கிறது என்றார்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வரைந்தவரே வந்து சொல்லிவிட்டால் முடிந்தது. மறுநாள் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே மாடிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஒரே ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தப் பெண் புடவையோடுதான் உட்கார்ந்தாள் என்று அவர்களிடம் சொன்னால் போதும் என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்ததாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் வேறு ஒரு வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒரு படத்தைப் போய் யாராவது இப்படிப் பார்ப்பாளா? அது நீ இல்லையேம்மா. அது ஒரு உருவம். அதுக்கு ஏது புடவை?"

"முழுக்க நீதான்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன். அதுவும் நிஜம்தான்."

"ரெண்டும் எப்படி நிஜமாவும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கலை என்பது அப்படித்தான் என்று தொடங்கி நிறையப் பேசினார். நிஜமான உடம்பு வேறு, மனதில் தோன்றும் உடம்பு வேறு என்றார். நான் வந்து உன் புடவைக்குச் சாட்சி சொன்னால் இத்தனை வருஷம் நான் வரைந்ததற்கு என்ன அர்த்தம் என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது கால் மணி நேரம், ஒரு ஆட்டோ, ஒரு வாக்கியம். கீழே வந்து டைப்ரைட்டரில் உட்கார்ந்தேன். அன்று அடித்த நோட்டீஸில் அத்தனை தப்பு. முதலாளி திருப்பித் திருப்பி அடிக்கச் சொன்னார்.

அப்புறம் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். கண்காட்சி இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அந்த அக்காவையும் அழைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அக்கா வர மறுப்பார் என்று நினைத்தேன், வந்தார். நல்ல மனுஷிதான். தம்பிக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு.

அன்று ஹாலில் கூட்டம் இல்லை. மூன்று பேரும் அந்தப் படத்தின் முன்னால் நின்றோம். என்னிடம் ஒரு அத்தாட்சி இருந்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கெல்லாம் குழந்தையில் அம்மை குத்திய தழும்பு கையில் இருக்கும். எனக்கு இடது தோளுக்குக் கீழே இரண்டு, காசு அளவுக்கு. நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, பிளவுஸ் கையை ஏற்றி அந்த அக்காவிடம் காட்டினேன். அப்புறம் படத்தைக் காட்டினேன். அந்த நீல உடம்பின் தோள் வழுவழு என்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"பாருங்க அக்கா. அவங்க என் தோளைப் பார்த்திருந்தா இது இருந்திருக்கும் இல்ல? விரலைக்கூட விடாம வரைஞ்சிருக்காங்க. பார்க்காததுனாலதானே இது இல்ல?"

அந்த அக்கா படத்தின் அருகில் போய் நன்றாகப் பார்த்தார். என் கையையும் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் திரும்பி அம்மாவிடம் பேசினார்.

"சரிம்மா, ஒத்துக்கிறேன். அப்போ இது உங்க பொண்ணு இல்ல. இது அவ இல்லைன்னா, எம்பொண்ணுதான்னு பேப்பரைக் காட்டினீங்களே, அது எதுக்கு?"

அது நான் என்றால் அவமானம். நான் இல்லை என்றால் பொய். பாதி நான், பாதி நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். மாடி மேடத்தின் வார்த்தைகளே என் வாயில் வந்தன. மனதில் தோன்றும் உடம்பு வேறு என்று நான் சொல்லச் சொல்ல, எனக்கே அது திருடன் சொல்லும் சமாதானம் மாதிரி கேட்டது. அந்த அக்கா என் தோளில் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

அம்மா மட்டும் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை.

"மூஞ்சப் பாரு. புடிக்காத எடத்துல உக்காந்துக்கினு கீறே. உன்னை யாரு போவச் சொன்னது? புடிக்கலைன்னா எழுந்து வர்றதுக்கு இன்னா?"

அம்மா அன்போடுதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. எனக்கு அன்றைக்கு ஆத்திரம் பொங்கியது புரொபசர் மேலோ மேடம் மேலோ அந்த அக்கா மேலோ இல்லை, அம்மா மேல்தான். எனக்குப் பிடித்த இடம் அது. அந்த வருஷத்தில் எனக்குப் பிடித்ததாக இருந்த ஒரே இடம். பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? எனக்குப் பிடித்துத்தான் உட்கார்ந்தேன் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. பாவம், நான் பொய் சொல்லித் தன்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோகுபாளையம் வரும் வரை விடவே இல்லை.

அதற்குப் பிறகு நான் மாடிக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்து, ரிச்மண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனேன். அங்கே அக்கவுண்ட்ஸில் இருந்தவரையே கல்யாணம் செய்துகொண்டேன். தரகர் இல்லை, பெண் பார்ப்பதும் இல்லை. அவரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஓவியத்தில் அக்கறை கிடையாது. அந்த அக்காவின் கேள்வி நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னார். ரொம்ப நாள் அதற்காக அவர் மேல் கோபமாக இருந்தேன். படம் ஏதோ பெரிய ஹோட்டலுக்கு விற்றுப்போனதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஹோட்டல் என்று விசாரிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிருக்கும். ஆபீஸில் கூட வேலை பார்த்தவரின் மகள் கல்யாணம் மல்லேஸ்வரத்தில். நானும் கணவரும் போனோம். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. அவர் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார், நான் பூ வாங்கலாம் என்று மார்க்கெட் பக்கம் நடந்தேன். மாடி மேடம் எதிரே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கையில் காய்கறிப் பை. நான் பேர் சொன்னதும் டைப்பிங் ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷப்பட்டு ஓட்டலுக்குக் கூட்டிப் போய்க் காபி சொன்னார். முதலாளியைப் பற்றி, ஆபீஸில் இருந்த ஜெராக்ஸ் மெஷின் பற்றிக்கூட விசாரித்தார். நானாகத்தான் படத்தைப் பற்றி ஆரம்பித்தேன். தண்ணீரிலிருந்து எழும்பும் பெண் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அதுவா? அதைப் பத்தி இப்ப ஒரு பொண்ணு தீசிஸே எழுதியிருக்கா. அது எங்கம்மாவாம். எனக்குச் சின்ன வயசுலயே அம்மா போயிட்டா. அந்த ஏக்கம்தான் தண்ணிக்குள்ளேர்ந்து வர்றதுன்னு எழுதியிருக்கா. படிச்சப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். சரின்னுதான் தோணறது."

"நான்தானே மேடம் அதுக்கு உக்காந்தேன்."

"நீயா?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இல்லையே. அதுக்கு எங்க மாமா பொண்ணுன்னா உக்காந்தா. நீ வேற எதுக்கோ வந்திருப்பே."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, ஸ்டூல், மேற்கு ஜன்னல், பித்தளை விளக்கு, பெட்ஷீட், கண்காட்சி, புடவைக்குச் சாட்சி கேட்டு வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். யாரோ ஊரில் நடந்த நல்ல கதையைக் கேட்பது மாதிரி கேட்டார். நான் முடித்ததும், "இருக்கலாம்மா, இருக்கலாம். வயசாயிடுத்து, நெறையப் படம்" என்றார். என் மனது நோகக் கூடாது என்று ஒப்புக்கொள்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது. அவர் கையில் இருந்த காபி டம்ளரைத் தட்டிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அது நான்தான் என்று இன்னொரு தடவை சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல, பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, வீட்டுக்கு ஒரு நாள் வா, பேசலாம் என்றார்.

கல்யாண மண்டபத்துக்குத் திரும்பியபோது பந்தி பாதி முடிந்திருந்தது. கணவர் எனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டு, இலையைக் காட்டிப் பரிமாறுபவரிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்டார். மாடி மேடத்தைப் பார்த்தேன், அவருக்கு அந்தப் படத்துக்கு உட்கார்ந்தது நான் என்பதே ஞாபகம் இல்லை, வேறு யாரோ என்கிறார் என்று சொன்னேன்.

"வயசாயிருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் ரசம் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டார்.

சிவாஜிநகர் வரும் வரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன கோபம் என்று அவருக்குப் புரியவும் இல்லை. இறங்கும்போது, பூ வாங்கப் போனாயே, பூ எங்கே என்று கேட்டார்.